எல்கேஜி பெற்றோர் கவனத்துக்கு: திங்கள் முதல் நோட்டு வேண்டாம்

வணக்கம். அடுத்த வாரம் முழுவதும் கையால் செய்து பழகும் வகுப்புதான். பையில் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ஒரு மாற்று உடுப்பு போதும். உடுப்பை மறந்துவிடாதீர்கள், குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இருக்கிறது, எப்படியும் நனைவார்கள்.

தட்டில் பரப்பிய ரவையில் விரலால் 'ட', 'ப', 'ம' எழுதுவார்கள். நேர்கோடு அதிகமுள்ள எழுத்துகள் பிஞ்சு விரலுக்குச் சீக்கிரம் வரும். சுழியும் வளைவும் உள்ள 'அ' பிறகு வரட்டும். "இன்னும் அ எழுதவில்லையே மிஸ்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்! துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவதும் விளையாட்டுக்காக இல்லை. பென்சிலைப் பிடிக்கிற பலம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் அதில்தான் ஏறும்.

எண்ணுவதற்கு 30 குழி உள்ள முட்டை அட்டை, குழிக்கு ஒரு மூடி. வாய் பாடமாக நூறு வரை சொல்லும் பிள்ளைகள்கூட, ஏழு மூடி எடு என்றால் தடுமாறுகிறார்கள்.

வீட்டில் முட்டை அட்டை, ஜாம், ஊறுகாய் பாட்டில்களின் பெரிய மூடி இருந்தால் கழுவி வெள்ளிக்குள் கொடுத்து விடுங்கள். புளியங்கொட்டை, பட்டாணி, மணி வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது. எதையும் கடையில் வாங்க வேண்டாம். ரவை பள்ளியிலேயே இருக்கிறது.