தொடர்மாடிகளில் எரியாத அடுப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு வடக்கின் தொடர்மாடிகளில் வாழும் நாட்கூலிக் குடும்பங்களின் உணவுப் பிரச்சினை அரிசி விலையோடு முடிந்துவிடுவதில்லை. முன்பு ‘தோட்டம்’ எனப்படும் நகரக் குடிசைக் குடியிருப்புகளில் விறகிலும் மண்ணெண்ணெயிலும் சமைத்தவர்களுக்கு, மேல்மாடிக்கு வந்தபின் பெரும்பாலும் எரிவாயுவே வழி. அன்றாடக் கூலியில் அரிசியையும் பருப்பையும் சில்லறையாக வாங்கலாம், ஆனால் சிலிண்டருக்கான முழுப் பணத்தையும் ஒரே தடவையில் புரட்டுவது எளிதன்று. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது பழைய வழியும் அடைபட்டது. அடுப்பெரியாத நாளில் பிள்ளைகள் வெறும் பாணோடு பாடசாலை செல்வது மனத்தை மிகவும் வருத்துகிறது. அரசின் ‘அஸ்வெசும’ நலன்புரி உதவித்தொகைக்கான பயனாளிகளைத் தெரிவுசெய்யும் அதிகாரிகள் குடும்பத்தின் எரிபொருட் செலவையும் கணக்கிலெடுக்க வேண்டும், 2.3 கிலோ சிலிண்டர்கள் தொடர்மாடிக் கடைகளிலேயே தட்டுப்பாடின்றிக் கிடைக்கவும் வழிசெய்ய வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மட்டக்குளி.