அந்த ஒரு ஓட்டுக்காக, டேவிட் கிராக்கெட்டுக்கு

அன்புள்ள டேவிட் கிராக்கெட் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயரைச் சொன்னாலே பலருக்கும் ரக்கூன் தோல் தொப்பியும் கரடி வேட்டையும் டெக்சாஸின் அலமோ கோட்டையில் 1836 மார்ச் 6 அன்று நேர்ந்த சாவும்தான் நினைவுக்கு வரும். எனக்கு 1830 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக நீங்கள் போட்ட ஒரு ஓட்டு.

1834-ல் நீங்கள் எழுதிய சுயசரிதையில் ஓர் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். 1813 நவம்பர், டலூஷாட்சி கிராமம். அமெரிக்கப் பூர்வகுடிகளான கிரீக் இனத்தாரோடு நடந்த போரில், அவர்களின் வீரர்கள் 46 பேர் புகுந்த வீட்டை, ஆட்களோடு சேர்த்துக் கொளுத்தினீர்கள். மறுநாள் படைக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. அந்த வீட்டின் நிலவறையில் கிழங்கு கிடைத்தது. எரிந்தவர்களின் கொழுப்பு வழிந்து, கறியோடு வேகவைத்ததுபோல் இருந்தது. பசி தாங்காமல் தின்றோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

உங்கள் பக்கமும் ரத்தக் கணக்கு இருந்தது. நீங்கள் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1777-ல், உங்கள் தாத்தாவும் பாட்டியும் பூர்வகுடியினர் கையால்தான் செத்தார்கள்.

அப்படிப்பட்ட உங்கள் முன்னால், அந்த மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டும் மசோதா வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன். கிரீக் போரில் உங்கள் தளபதி, உங்கள் மாநிலத்துக்காரர். டென்னசி உறுப்பினர்களில் நீங்கள் ஒருவர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டீர்கள். 102-க்கு 97. ஐந்தே ஓட்டில் நிறைவேறிவிட்டது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? எனக்கு உங்கள் சின்ன வயதுதான் தோன்றுகிறது. அப்பா வழிப்போக்கர் விடுதி நடத்தினார், கடன் தீரவே இல்லை. அவருடைய 36 டாலர் கடனுக்காக ஒருவரிடம் ஆறு மாதம் உழைத்தீர்கள். அப்புறம் கென்னடி என்பவருக்கு, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், 40 டாலர் பாக்கி என்று தெரிந்தது. அப்பா கேட்காமலே இன்னும் ஆறு மாதம் அவரிடம் வேலை. கடன் பத்திரத்தை வாங்கிக்கொண்டுபோய் நீட்டியதும், வசூலுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, கையில் காசில்லையே என்றார் அப்பா. அடைத்தாயிற்று என்று நீங்கள் சொன்னதும் அழுதுவிட்டார்.

மேற்கு டென்னசி ஏழைகளுக்கு, அவர்கள் திருத்தி உழுத நிலத்தையே எழுதித்தர நீங்கள் கொண்டுவந்த மசோதா கடைசிவரை நிறைவேறவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

1831 ஜனவரியில் செரோக்கி என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர் ஜான் ராஸ் உங்களுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அதே வருடம் தேர்தலில் தோற்றீர்கள். 1833-ல் மறுபடி ஜெயித்து வந்தீர்கள். சரி, இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று விட்டிருக்கலாம். அடுத்த வருடமே சுயசரிதையில், தீர்ப்பு நாளிலும் அந்த ஓட்டுக்காக வெட்கப்பட மாட்டேன் என்று எழுதிவைத்தீர்கள்.

ராஸ் சொன்ன அதே நன்றியை நானும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்