மேசை கதிரை அனுப்புமுன் பிள்ளைகளை அளப்பியுங்கள்

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும்,

அன்பின் உறவுகளே,

"பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்?" என்று நீங்கள் கேட்டால், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் அடிக்கடி கிடைக்கும் பதில் மேசை கதிரைதான். நீங்களும் தயங்காமல் அனுப்புகிறீர்கள். ஆனால் ஐம்பது சோடிக்கு ஓடர் கொடுத்தால் ஐம்பதும் ஒரே உயரத்தில் வருகின்றன, அதுவும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குரிய உயரத்தில்.

தரம் 1 பிள்ளைக்கு அதில் கால் நிலத்தில் முட்டாது. கொஞ்ச நேரத்தில் கதிரை நுனிக்கு வரும். பிறகு ஒரு காலை மடித்து அதன்மேல் குந்தும். மேசை நெஞ்சு மட்டத்தில் நிற்பதால் முழங்கையைத் தூக்கிக்கொண்டுதான் எழுத வேண்டும். கை சீக்கிரம் நோகும். 'இ', 'ஐ' போன்ற சுழி எழுத்துகள் கோட்டை விட்டு ஓடும். கொப்பியில் பிழை போடுமுன் கதிரையைப் பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு டேப் போதும். பிள்ளையை வாங்கில் இருத்தி, முழங்கால் மடிப்பின் கீழிருந்து நிலம் வரை அளந்தால் அது கதிரையின் உயரம். கையை மடிக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து இருக்கை வரையுள்ள அளவை அதோடு கூட்டி, இன்னும் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் சேர்த்தால் மேசையின் உயரம். ஐரோப்பாவின் ஈஎன் 1729 தரநிலைப்படி 108 முதல் 121 சென்ரிமீற்றர் வரை வளர்ந்த பிள்ளைக்குக் கதிரை 31, மேசை 53. 119 முதல் 142 வரை என்றால் 35, 59. அதிலும் உயர்ந்த பிள்ளைகளுக்கு 38, 64. ஆரம்பப் பிரிவுக்கு இந்த மூன்று அளவும் போதும். அந்தத் தரநிலையில் இவற்றுக்கு முறையே ஊதா, மஞ்சள், சிவப்பு நிறங்கள் உண்டு. கதிரை, மேசைக் கால்களில் அந்தந்த நிறத்தில் ஒரு பொட்டு வைப்பியுங்கள். விழாவுக்கு மண்டபத்துக்குப் போகும் கதிரைகள் கலந்துதான் திரும்பும், பொட்டைப் பார்த்துப் பிரிக்கலாம்.

தயவுசெய்து பாட்டிக்கிள் போட் வேண்டாம். இங்கே பல வகுப்பறைகள் அரைச்சுவர்தான். மாரிச் சாரல் உள்ளே அடிக்கும், பலகை ஓரத்தால் ஊதி உதிரும். மரப்பலகை போடச் சொல்லுங்கள், அடிப்பக்கமும் வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். மேலே மட்டும் பூசினால் கீழே ஈரம் இழுத்துப் பலகை வளையும். கால்களுக்கு 1.5 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள இரும்புக் குழாய் வேண்டும். மெல்லிய குழாய், பிள்ளை பின்னால் சாய்ந்து ஆட ஆட வெல்டிங்கில் விட்டுவிடும். குழாயின் அடியைத் தகடு வைத்து ஒட்டிய பிறகே றப்பர் மாட்ட வேண்டும். றப்பர் எப்படியும் கழன்று தொலையும். திறந்த குழாய்க்குள் தரை கழுவும் தண்ணீர் போய்க் கறள் பிடிக்கும். முழு மரத்தில் செய்தால் கறையானை மறக்கக் கூடாது.

இந்த வேலையை ஊர்த் தச்சரும் வெல்டிங் கடைக்காரருமே செய்வார்கள், உடைந்தால் அவர்களிடமே திருத்தலாம். வருகிற காசில் பத்தில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒதுக்கி வையுங்கள். பதிவேட்டில் ஏறிய கதிரையை அதிபர் நினைத்தபடி கழிக்க முடியாது. அதனால் ஒரு கால் ஒடிந்த கதிரைகள் வகுப்பின் பின்பக்கம் குவிந்து இடத்தை அடைக்கின்றன. அவற்றில் பலதுக்கு ஒரு வெல்டிங் போதும்.

மிஞ்சும் காசில் கரும்பலகைக்கு மை பூசலாம். எட்டடிக்கு நாலடிப் பலகைக்கு இரண்டு பூச்சுப் பூச 1 லீற்றர் தாராளம். பழைய பூச்சை மணற்தாளால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வெண்கட்டியைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் எழுதியது நிழலாகப் பதிந்துவிடும். தரம் 1, 2 வகுப்புகளில் பலகையின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் இருந்தால் பிள்ளைகளும் எட்டி எழுதுவார்கள்.

அடுத்த முறை அதிபரிடம் எண்ணிக்கையோடு அளவுப் பட்டியலையும் கேளுங்கள். ஓகஸ்டுக்குள் ஓடர் போனால் மாரிக்கு முன் வார்னிஷ் காய்ந்துவிடும்.

இப்படிக்கு,
வன்னி ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்