வாரம் 40 நிமிடம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வேளச்சேரி அபார்ட்மென்ட் வேலை கைக்கு வந்தது ரொம்ப சந்தோஷம். கூடவே, புதிதாக எதையும் படிக்கவே நேரமில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

பிரிட்டனில் கட்டிடக் கலைஞர்களின் சங்கமான ஆர்.ஐ.பி.ஏ. தன் பட்டய உறுப்பினர்களிடம் ஆண்டுக்கு 35 மணி நேரப் படிப்பு கேட்கிறது. பத்துத் தலைப்புகளில் தலா 2 மணி நேரமாவது கட்டாயம், மீதி அவரவர் விருப்பம். வாரக் கணக்கில் பார்த்தால் 40 நிமிடம்தான். அது உன்னிடமும் இருக்கிறது. ஆனால் வேலைக்கு வெளியே தனிப் படிப்பாக வைத்தால் இரண்டாம் மாதமே நின்றுபோகும். மேஜைமேல் இருக்கும் டிராயிங்கோடு சேர்த்து வை.

வேளச்சேரியையே எடுத்துக்கொள். குடியிருப்புகளுக்கான இந்திய எரிசக்தி சேமிப்பு விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018-ஐ முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதே. முதல் வாரம் மொட்டைமாடியை அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும் செக்‌ஷன் மட்டும். கூரையின் யு மதிப்பு, அதாவது வெப்பம் எவ்வளவு எளிதாக ஊடுருவுகிறது என்பதன் அளவு, 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது விதி. 150 மி.மீ. ஸ்லாப், 75 மி.மீ. செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, மேலே தட்டோடு என்று நாம் வழக்கமாகப் போடுவதைக் கணக்கிட்டால் சுமார் 2.5 வரும். அதாவது இரண்டு மடங்குக்கு மேல். நடுவில் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். எனும் வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை வைத்தால் 0.8 அளவுக்கு இறங்கிவிடும். பலகை ஸ்லாபுக்கு மேலே வரட்டும். கீழே ஒட்டினால் ஸ்லாப் வெயிலில் விரிந்து சுருங்குவது அப்படியே தொடரும், பாரபெட் (கைப்பிடிச் சுவர்) ஓரம் விரிசல் விடும்.

அடுத்த வாரம் ஜன்னல். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சென்னை போன்ற வெப்ப ஈரப்பத மண்டலத்தில், திறக்கும் பரப்பு கார்பெட் பரப்பில் (சுவர்களுக்கு உள்ளே புழங்கும் தரைப் பரப்பில்) 16.66 சதவீதமாவது வேண்டும். 60 சதுர மீட்டர் வீட்டுக்கு 10 சதுர மீட்டர். ஜன்னல் அட்டவணையில் இருக்கும் அளவை அப்படியே கூட்டினால் தேறியது போலத் தெரியும். ஆனால் இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதிதான் கணக்கு. கீல் வைத்துத் திறப்பதில் 90 சதவீதம். 1.5 × 1.2 மீட்டர் ஜன்னல் ஒன்றில் ஸ்லைடிங் தருவது 0.9 சதுர மீட்டர், கீல் ஜன்னல் தருவது 1.62. பால்கனிக்குத் திறக்கும் கதவையும் சேர்த்துக்கொள்ளலாம். அதை விட்டுவிட்டு வீணாக ஜன்னலைப் பெரிதாக்குபவர்களும் உண்டு.

சுவர் கணக்கு கொஞ்சம் பெரியது. அதற்கு மூன்று வாரம் கொடு.

நேரத்தைக் காலையில் வை, சைட் போன்கள் தொடங்குமுன். மாலையில் வைத்தால் காங்கிரீட் போடும் நாளிலெல்லாம் பறிபோகும். ஒவ்வொரு முறையும் ஆபீஸில் எல்லா வேலைக்கும் பயன்படுத்தும் பொது டீடெயில் டிராயிங்கில் ஒரு கோடாவது மாற வேண்டும், ஓரத்தில் தேதியும் காரணமும் எழுதியிருக்க வேண்டும். மாறவில்லையென்றால் அந்த வாரம் படித்ததாகவே கணக்கு வைக்காதே. மெட்டீரியல் கம்பெனிக்காரர்கள் பேச வந்தால் பிரசென்டேஷனை ஓரமாக வைக்கச் சொல்லி, டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேள். எந்த அடர்த்தியில், எந்த வெப்பநிலையில் சோதித்தது என்று பார்.

ஜூனியர்களையும் கூட உட்கார வை. கணக்கை அவர்களே போடட்டும்.

மொட்டைமாடி செக்‌ஷனை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. வாட்டர்ப்ரூஃபிங் எந்த அடுக்கில் வருகிறது என்பதையும் குறித்து அனுப்பு, சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்