செயலாளர் ஆண்டறிக்கை: கெட்டுப்போன ரோல்களின் கணக்கு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பிலிம் கேமரா சங்கம் ஆண்டு முழுவதும் கூடிய கூட்டங்களும் போய்வந்த இடங்களும் குறிப்பேட்டில் உள்ளன. அவற்றை மறுபடி வாசித்து நேரத்தை எடுக்கவில்லை. பிலிம் விற்கிற விலையில் ஒரு ரோல் வீணானாலும் வலிக்கிறது. ஆகவே இந்த அறிக்கை வீணானவற்றைப் பற்றியது. சங்கத்துக்கு வந்த நெகட்டிவ்களில் கேமராவின் வயதால் கெட்டவை குறைவு. கையாளும் முறை தவறியும் நம்மூர் வெயிலாலும் கெட்டவையே அதிகம்.

முதலில் ஷட்டர், அதாவது பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் கதவு. ஸோர்க்கி, ஃபெட், பழைய ஸெனிட் ஆகிய சோவியத் கேமராக்களை வைத்திருப்பவர்கள் ஷட்டரை ஏற்றிய (ஸ்பிரிங்கை முறுக்கிய) பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் குமிழியைத் திருகினால் முள் காட்டும் இடம் ஒன்று, ஓடும் வேகம் வேறு; முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே உடையும். லென்ஸோடு சேர்ந்து மெல்லிய தகடுகளாக இருக்கும் பழைய காம்பூர் இலை ஷட்டரில் கதை நேரெதிர். அதில் 1/500 நொடி வேண்டுமென்றால் ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றதைக் கெடுக்கும் என்பதால், இரவல் வாங்குகிறவர் கேட்டுவிட்டுத் தொடவும். செல்ஃப் டைமரை யாரும் தொடவே வேண்டாம். எண்ணெய் இறுகிப்போய் அது பாதியில் நின்றால் ஷட்டரும் கூடவே நின்றுவிடும்.

மெதுவான வேகங்களைச் சோதிக்க எளிய வழி உண்டு. பின்பக்கத்தைத் திறந்து, லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, செல்போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் பதியுங்கள். 1/30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 8 ஃபிரேம்களில் வெளிச்சம் தெரியும். 16 வந்தால் உங்கள் 1/30 உண்மையில் 1/15.

ஸோர்க்கி, ஃபெட் இரண்டிலும் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி கிடையாது. லென்ஸுக்கு நேர் பின்னால் துணித்திரைதான். மூடி போடாமல் வெயிலில் மல்லாத்தி வைத்தால் பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோலத் திரையில் பொட்டு ஓட்டை விழும். படத்துக்குப் படம் வெள்ளைப் புள்ளி வந்தால் இதைச் சந்தேகியுங்கள். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். கறுப்பு ஃபேப்ரிக் பெயிண்டை ஊசிமுனையில் தொட்டு வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஷட்டரை ஏற்ற வேண்டும்.

பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கிறது. 120 ரோலில் 12 படம். பின்னால் உள்ள சிவப்பு ஜன்னல் இன்றைய பிலிமுக்குப் பாதுகாப்பல்ல. இவை சிவப்பு ஒளியையும் வாங்கிக்கொள்ளும். கறுப்பு டேப் ஒட்டி, எண் பார்க்கும்போது மட்டும் நிழலில் திறக்கவும். இதில் ஒளியை வேகமாக வாங்கும் 400 பிலிம் போட்டு நடுப்பகலில் எடுத்தால் நெகட்டிவ் கரிக்கட்டைதான். 100 போதும்.

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்குப் போன பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளையில் சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் இருளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே ஃபில்டர் செம்மணலைச் சுண்ணாம்புபோல வெளுத்துவிடும், பனையோலையைக் கறுக்கவைக்கும். தேரி தேரியாகத் தெரிய வேண்டுமென்றால் பச்சை ஃபில்டர்தான். மணல் அடர்ந்து விழும். ஒளியை மஞ்சளுக்கு 1 ஸ்டாப், பச்சைக்குச் சுமார் 2, சிவப்புக்கு 3 கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு). இரட்டை லென்ஸ் கேமராவான யாஷிகா மேட் 124ஜியின் ஒளி மீட்டர் லென்ஸ் வழியே அளப்பதில்லை, ஃபில்டர் இருப்பதே அதற்குத் தெரியாது. அதன் மேல் லென்ஸில் பார்த்து, கீழ் லென்ஸில் எடுக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு மீட்டர் தூரத்து முகத்துக்கு ஃபோகஸ் செய்தபின், இரு லென்ஸுக்கும் உள்ள இடைவெளி அளவு கேமராவை உயர்த்தாவிட்டால் உச்சந்தலை வெட்டுப்படும்.

அதே 124ஜிக்கு வேண்டிய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. சாதாரண 1.5 வோல்ட் போட்டால் முள் ஒளியைக் கூடுதலாகக் காட்டி, படம் இருண்டுவிடும். காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 பேட்டரி 1.4 வோல்ட், ஒரு ரப்பர் வளையம் சுற்றிப் பொருத்தினால் போதும். ஸ்டிக்கரை உரித்த பிறகு காற்று பட்டுச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தீர்ந்துவிடும் என்பதால் தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள்.

இனி ரோல் கழுவுவது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் 30 டிகிரியைத் தாண்டுகிறது. ஐடி-11 டெவலப்பரை 1+1 (சரிபாதி தண்ணீர்) கலந்தால் ஹெச்பி5 பிலிமுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம். மண்பானைத் தண்ணீரில் 24 வரை இறக்கினால் சுமார் 9 நிமிடம். தண்ணீர் கலக்காத டெவலப்பர் என்றால் அதே 24 டிகிரியில் நேரம் ஐந்து நிமிடத்தை ஒட்டிவிடும், திட்டுத்திட்டாக வரும். ஐப்பசியில் காற்று ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவு குளிராது, அப்போது பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி மிதக்கவிடுங்கள். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் அலசியவர்களின் நெகட்டிவ் வறண்ட குளத்துத் தரைபோல வெடித்திருந்தது. ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), அலசும் தண்ணீர் எல்லாமே 2 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீர்க்காரர்கள் கடைசி அலசலுக்குப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரைப் பயன்படுத்தினால் வெள்ளைக் கறை படியாது.

தோலுறைக்குள் கேமராவைப் பூட்டி வைக்கும் பழக்கம் அண்ணாச்சிமாரிடம் இன்னும் விடவில்லை. சாரல் காலத்தில் அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் லென்ஸில் பூஞ்சை பிடிக்க அந்த ஈரத்தோலே போதும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி ரோஸ் ஆனதும் வறுத்தெடுக்கலாம். அந்தச் சட்டியில் பிறகு தாளிக்கக் கூடாது.

சங்கத்தின் டெவலப்பிங் டேங்க் இரண்டில் ஒன்றின் மூடியும், தெர்மாமீட்டரும் இரவல் போய்த் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் இன்றே ஒப்படைத்தால் பெயரைக் கேட்க மாட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்