லம்பிரிட்ஜுக்குத் திரும்பிய நண்பனுக்கு

திருச்சி,
12.1.2025

அன்புள்ள சேகருக்கு,

உன் மின்னஞ்சல் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பொங்கலுக்கு முன்பே வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. நீயும் குடும்பமும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. ஆனால் உண்மையைச் சொன்னால், குடும்ப நலத்தைப் பற்றி நீ எழுதியிருந்த இரண்டு பத்திகளையும் வேகமாகக் கடந்து, இரவுப் பணி முடிந்து உறக்கம் வராத நேரத்தில் நாம் அந்நாளில் விளையாடிய ரூன்ஸ்கேப் என்ற இணைய ஆட்டத்தின் பழைய வடிவமான ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பைக் கைபேசியில் இறக்கிவைத்து விளையாடத் தொடங்கியிருக்கிறாய் என்ற மூன்றாவது பத்திக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன்.

"ஆட்டத்தில் நம் பழைய ஊரான லம்பிரிட்ஜ் அப்படியே இருக்கிறது, ஆனால் என்னை யாருக்கும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். அது வெறும் உணர்வு மட்டுமன்று, நடந்ததும் அதுதான். 2012 நவம்பரில் ஆட்டத்தின் சண்டை முறையை அடியோடு மாற்றியபோது பழைய ஆட்டக்காரர்கள் பெருமளவில் மனம் வெறுத்துப் போனார்கள். ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்திடம் 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த நகல் ஒன்று தப்பிப் பிழைத்திருந்தது. அதை மீண்டும் திறக்கலாமா என்று கேட்டு நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 4,49,000 வாக்குகள் விழுந்தன, 2013 பிப்ரவரியில் அந்தப் பழைய உலகம் திறக்கப்பட்டது. ஊர்தான் திரும்பி வந்ததே தவிர ஆட்கள் திரும்பவில்லை. எல்லாரும் கற்றுக்கொடுக்கும் தீவிலிருந்து, கையில் வெண்கலக் கத்தியோடு, ஒன்றாம் லெவலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே நீ மணிக்கு 20 ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆட்டத்தில் மாட்டுத்தோல் விற்றுச் சேர்த்த காசெல்லாம் எங்கே போயிற்று என்று தேடாதே, அது வேறு காலத்துக் கணக்கு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வாரக் நகருக்கு வடக்கே உள்ள பள்ளத்தைத் தாண்டிப்போய், யாரென்றே தெரியாத ஒருவனிடம் அடிபட்டு எல்லாவற்றையும் இழந்துவிட்டதாகக் கோபத்தோடு எழுதியிருந்தாய். அந்தப் பள்ளத்தைத் தாண்டும் முன் ஆட்டமே ஓர் எச்சரிக்கை காட்டியிருக்கும். நீ அதைப் படிக்காமல் தட்டியிருப்பாய், உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? பள்ளத்துக்கு அப்பால் உள்ளது வில்டர்னஸ், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கும் பகுதி. அங்கே எந்த லெவலில் நிற்கிறாயோ, உன் சண்டை லெவலிலிருந்து அத்தனை எண் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள எவனும் உன்னைத் தாக்கலாம். வடக்கே போகப் போக அந்த எண் கூடும். 20ஐத் தாண்டினால், நொடியில் வேறிடம் தாவ உதவும் டெலிபோர்ட்டுகளில் பெரும்பாலானவை வேலை செய்யா. ஆகவே அங்கே போவதென்றால் இழந்தாலும் வருந்தாத மூன்று பொருள்களை மட்டும் கொண்டுபோ. சாகும்போது மதிப்பில் உயர்ந்த மூன்று பொருள்கள் கையில் தங்கும் என்பது விதி. நீயாக முந்திக்கொண்டு இன்னொருவனைத் தாக்கி, தலைக்குமேல் மண்டையோட்டுக் குறி விழுந்துவிட்டால் அந்த மூன்றும் தங்கா. மற்ற இடங்களில் செத்தால் பயமில்லை, உன் பொருள்கள் ஒரு கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும்.

ஒரு மாதத்துக்கு உறுப்பினர் கட்டணம் கட்டியிருப்பதாகச் சொன்னாய் அல்லவா? அப்படியானால் கோழியையும் மாட்டையும் வெட்டிக்கொண்டு காலம் கழிக்காதே. நேரே பாக்ஸ்டோரியன் அருவிக்குப் போய் வாட்டர்ஃபால் குவெஸ்ட் என்ற கதைப் பணியை முடி. அதற்கு எந்த லெவலும் முன்தகுதியாக வேண்டியதில்லை. முடித்தால் தாக்குதலிலும் வலிமையிலும் தலா 13,750 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, கிடைக்கும், ஒன்றாம் லெவலில் நிற்பவன் இரண்டிலும் ஒரே தாவலில் 30ஐ எட்டிவிடுவான். நடுவில் கிளேரியல் அரசியின் கல்லறைக்குள் ஆயுதம், கவசம், மந்திரத்துக்கான ரூன் கல் எதுவும் இல்லாமல்தான் நுழைய முடியும், உள்ளே பெரிய பாசி அரக்கர்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அங்கே நின்று சண்டையிட நினைக்காதே. பை நிறைய நண்டு கொண்டுபோய், தின்றுகொண்டே ஓடிவிடு. கயிறு ஒன்றை மறந்துவிட்டு அருவியின் நட்ட நடுவில் நின்ற அனுபவம் எனக்குண்டு.

இதைவிட முக்கியமான ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும், நான் பல ஆண்டுகள் விளையாடிய பிறகே எனக்கு அது புரிந்தது. இந்த ஆட்டத்தின் உலகம் முழுவதும் 0.6 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. இதை டிக் என்பார்கள். நடந்தால் ஒரு டிக்குக்கு ஒரு கட்டம், ஓடினால் இரண்டு கட்டம். வளைவாள் நான்கு டிக்குக்கு ஒருமுறை வெட்டும், இரு கைகளாலும் பிடிக்கும் பெருவாள் ஏழு டிக் எடுக்கும். ஆகவே பெருவாள் ஓங்கி அடித்தாலும் மொத்தக் கணக்கில் வளைவாளிடம் தோற்றுப்போவது உண்டு. அந்நாளில் நாம் பெருவாளுக்காக வாரக் கணக்கில் ஏங்கியது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. சண்டைக்கு நடுவே உணவு தின்றால் உன் அடுத்த அடி மூன்று டிக் தள்ளிப்போகும். ஆனால் சுறாவைத் தின்ற அதே டிக்கில் கரம்ப்வான் மீனையும் விழுங்கலாம், 20ம் 18மாக 38 உயிர் ஒரே மூச்சில் ஏறும். நம்முடைய விரல் எவ்வளவு விரைவாகப் பாய்ந்தாலும் அடுத்த துடிப்பு வரும்வரை ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குப் பதற்றம் குறைந்துவிட்டது.

இதை நான் கற்றுக்கொண்டது எரிமலைக் குகையில். கரம்ஜா தீவின் எரிமலைக்கு அடியில் ட்ஸார் இனத்தவரின் நகரம் இருப்பதும், அங்குள்ள சண்டைக் குகையில் 63 அலைகளைக் கடந்தால் நெருப்புப் போர்வை கிடைக்கும் என்பதும் நீ அறிந்ததுதான். கல்லூரிக் காலத்தில் அந்தப் போர்வையை அணிந்தவர் வாரக் வங்கி வாசலில் நின்றால் நாம் கூடவே போய் நின்று பார்ப்போம். 62 அலைகளைப் பொறுமையோடு கடந்துவிடலாம். வௌவால் போன்றவை, அடியைத் தடுக்க உதவும் உன் பிரேயர் சக்தியை உறிஞ்சும், அவற்றை முதலில் கொல். பெரிய கூழ் உருண்டை இரண்டாகப் பிளக்கும், மனம் தளராதே. கடைசி அலையில் ஜாட் என்னும் பேருரு தனியாக வந்து நிற்கும். அதன் ஓர் அடி 97 வரை போகும், நம் உயிர் லெவலோ 99க்கு மேல் வளராது. அப்போது என்னுடையது 78. அதாவது ஒரே ஒரு தவறு போதும், இரண்டு மணி நேர உழைப்பும் மண்ணாகிவிடும்.

முதல் முறை நான் ஜாடைப் பார்க்கவே இல்லை, என் உயிர் அளவையே பார்த்துக்கொண்டிருந்து செத்தேன். இரண்டாம் முறை அதன் உயிரைப் பாதிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த நேரத்தில் நான்கு சிறு மருத்துவர்கள் ஓடிவந்து அதற்குச் சிகிச்சை செய்யத் தொடங்க, அவர்களைப் பார்த்துக் கை நடுங்கிப் பிரேயரை மாற்ற மறந்தேன். அன்று இரவு சாப்பிடவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

மூன்றாம் முறை என்னைக் காப்பாற்றியவள் என் மகள். அவள் பக்கத்து அறையில் பாட்டு ஆசிரியர் கொடுத்த வரிசைகளைத் தொடையில் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். ஜாட் எட்டு டிக்குக்கு ஒருமுறை தாக்கும், அதாவது 4.8 விநாடிக்கு ஓர் அடி. அவள் போட்டுக்கொண்டிருந்தது ஆதி தாளம், அதுவும் எட்டு அட்சரம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. அவளுடைய காலமும் ஜாடின் காலமும் ஒன்றல்லதான், ஆனாலும் எண்ணிக்கை எனக்குப் பிடிபட்டுவிட்டது. முதல் தட்டில் ஜாடின் முன்னங்கால்களைப் பார்க்க வேண்டும். அது பின்னங்கால்களில் எழுந்து முன்னங்கால்களைத் தொங்கவிட்டால் வருவது மந்திர அடி, மந்திரக் காப்புப் பிரேயரைப் போடு. முன்னங்கால்களைத் தரையில் ஓங்கி மிதித்தால் வருவது எறி அடி, எறிபடைக் காப்பைப் போடு. அடி வந்து விழ இரண்டு விநாடிக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கிறது, ஆனால் அந்த இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவானது. மீதி எண்ணிக்கைகளில் நீ மருந்து குடிக்கலாம், அம்பு விடலாம், மூச்சு விடலாம். மருத்துவர்கள் வந்ததும் ஒவ்வொருவனையும் ஒரே ஓர் அம்பால் தொட்டுவிட்டால் அவர்கள் ஜாடை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர்களுடைய அடி சிறியது, பொருட்படுத்தாதே. எக்காரணம் கொண்டும் ஜாடின் அருகில் ஒட்டி நிற்காதே, அருகில் நின்றால் கடியும் சேர்ந்துகொள்ளும். இப்படி எண்ணிக்கொண்டே போனேன். அது விழுந்தபோது நான் போட்ட கூச்சலில் மகள் பாட்டை நிறுத்திவிட்டாள்.

ஒன்றிரண்டு சில்லறைச் செய்திகளையும் எழுதிவிடுகிறேன். 99ஆம் லெவலை இலக்காக வைத்துக்கொள்ளாதே. அதற்கு 1,30,34,431 எக்ஸ்பி வேண்டும், 92ஐ எட்டும்போதுதான் அதில் பாதி வழி வந்திருப்பாய். குடும்பக்காரனுக்கு 70, 80 போதும், குவெஸ்டுகளில்தான் கதையும் வேடிக்கையும் இருக்கின்றன. உறுப்பினர் கட்டணத்தைப் பணமாகக் கட்ட மனமில்லாவிட்டால், ஆட்டத்துக் காசைக் கொண்டே, ஆட்டத்தின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில், உறுப்பினர் நாள்களாக மாற்றிக்கொள்ளும் பாண்டு வாங்கலாம், ஒன்றுக்கு 14 நாள். ஆனால் அந்தக் காசைச் சேர்க்க நீ விழித்திருக்கும் இரவுகளை எண்ணிப் பார்த்தால் கட்டணமே மலிவு. வங்கிக்கு நான்கு இலக்கப் பின் எண்ணையும் கணக்குக்கு இரண்டடுக்குப் பூட்டையும் இன்றே போட்டுவிடு. காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் பேச்சே கொடுக்காதே.

இந்த இடத்தில், 18 ஆண்டுகளாக நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2006இல் நீ மாட்டுத்தோல் விற்றே ரூன் உலோகத்தாலான தலைக்கவசமும் கால்கவசமும் கேடயமும் வாங்கினாய். முகந்தெரியாத ஒருவன் அவற்றுக்கு இலவசமாகப் பொன்கரை போட்டுத் தருவதாகச் சொல்ல, அவனிடம் கொடுத்துவிட்டு ஏமாந்தாய். அவன் உன்னிடம் வருமுன் என்னிடம்தான் வந்தான். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லாததால், "பக்கத்து நாற்காலியில் என் நண்பன் இருக்கிறான், அவனைக் கேள்" என்று நானே உன் பெயரைத் தட்டச்சு செய்தேன். அவன் ஏமாற்றுக்காரன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் உன் கவசத்துக்குப் பொன்கரை வந்தால் நாளை எனக்கும் வழி பிறக்கும் என்ற ஆசை இருந்தது. நீ இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ரூன் கவசத்துக்குப் பொன்கரை போட இந்த ஆட்டத்தில் எவனாலும் முடியாது. அன்றும் முடியாது, இன்றும் முடியாது. பொன்கரையிட்ட ரூன் கவசம் புதையல் வேட்டையின் கடினமான துப்பு ஓலைகளைத் தீர்த்தால் மட்டுமே, அதுவும் வாய்த்தால்தான் கிடைக்கும். கடந்த மூன்று ஆண்டுகளில் ஓலை ஓலையாகத் தோண்டி, தலைக்கவசம், கால்கவசம், கேடயம் மூன்றையும் சேர்த்துவிட்டேன். மார்க்கவசமும் கிடைத்திருக்கிறது, அது அன்று உன்னிடம் இல்லாதது. நான்கும் என் வங்கியில் ஒரு மூலையில் கிடக்கின்றன. விற்க எண்ணியதில்லை.

ஆனால் மார்க்கவசத்தை அணிய உனக்குத் தற்காப்பு 40 வேண்டும், அதோடு கிராண்டோர் தீவின் எல்வார்க் என்ற டிராகனைக் கொன்றிருக்க வேண்டும். அந்நாளில் நாம் அந்தத் தீவுக்குக் கப்பலே வாங்க முடியாமல் நின்றோம், நினைவிருக்கிறதா? 32 குவெஸ்ட் புள்ளிகள் சேர்ந்ததும் டிராகனைக் கொல்லும் அந்தக் குவெஸ்டைத் தொடங்கு. கப்பல் 2,000 காசு, பழுது பார்க்க மூன்று பலகையும் 90 எஃகு ஆணியும். லம்பிரிட்ஜ் கோட்டையின் பிரபு டிராகன் நெருப்பைத் தடுக்கும் கேடயம் இலவசமாகத் தருவார், அது இல்லாமல் போகாதே. தீவுக்குப் போனதும் டிராகனிடம் ஓடாமல், குகையின் மறைசுவரைத் திறந்து கரம்ஜாப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பு. பிறகு நீ செத்தாலும் மறுபடி கப்பல் ஏறாமல் அவ்வழியே உள்ளே போய்விடலாம்.

டிராகன் விழுந்ததும் எழுது. ஞாயிறு இரவு, உங்கள் நேரம் ஏழரை மணிக்கு, நான் வாரக் மேற்கு வங்கியில் நிற்கிறேன். இப்போது எல்லாரும் கிராண்ட் எக்ஸ்சேஞ்சுக்கே போய்விடுவதால் அங்கே கூட்டம் இருக்காது. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன்,
ராகவன்