தேசியப் பதக்கம் வாங்கிய பெண் அடுத்த வருடம் எங்கே போகிறாள்?

இந்திய ரோயிங் (துடுப்புப் படகுப் பந்தயம்) கூட்டமைப்பின் தலைவர், செயலாளர், தேர்வுக் குழுவினர், பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் சென்னையில், அடையாற்றில் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொண்டவள். மாநில அணிக்காகத் தேசியப் போட்டிகளில் இறங்கியிருக்கிறேன். இப்போது கல்லூரிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். தேசிய சாம்பியன்ஷிப்பில் பதக்கம் வாங்கும் பெண்ணுக்கு அதற்கு அப்புறமும் படகில் ஒரு வாழ்க்கை வேண்டும்.

போட்டிக்கு என்னவோ குறைவில்லை. 2,000 மீட்டருக்கு ஒன்று, 500 மீட்டர் ஸ்பிரின்ட்டுக்கு ஒன்று என்று தேசியப் போட்டிகளை நடத்துகிறீர்கள். கேரளம், ஒடிசா, மணிப்பூர், மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து சேர்கிறார்கள். பந்தயம் முடிந்து கரைக்கு வரும்போது நிற்க முடியாமல் கால் நடுங்கும். அப்படியே மேடையேறிப் பதக்கம் வாங்குவார்கள். அடுத்தடுத்த வருடங்களில் அந்த முகங்களில் பலவற்றைப் பார்க்க முடிவதில்லை. விசாரித்தால் வேலைக்குப் போய்விட்டாள், கல்யாணம் ஆகிவிட்டது, வீட்டில் விடவில்லை என்று பதில் வரும். நல்ல வயதில், நல்ல வேகத்தில் இருக்கும்போதே விட்டுவிடுகிறார்கள்.

ஒலிம்பிக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். 2000இல் சிட்னியில் காசம் கானும் இந்தர்பால் சிங்கும் முதன்முதலாக இந்தியாவுக்காகத் துடுப்பு வலித்தார்கள். அதிலிருந்து 2024 பாரிஸ் வரை ஏழு ஒலிம்பிக். ஏழிலும் இந்தியப் படகு இருந்தது. பவுலோஸ், பஜ்ரங் லால் தாக்கர், ஸ்வரன் சிங், தத்து போகனல், அர்ஜுன் லால், அரவிந்த் சிங், பல்ராஜ் பன்வார் என்று பெயர்களை அடுக்கலாம். டோக்கியோவில் அர்ஜுனும் அரவிந்தும் 11ஆவது இடம் வரை போனார்கள், அதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை.

2010 குவாங்சோ ஆசிய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பஜ்ரங் லால் தாக்கர் ஒற்றையர் ஸ்கல்லில், அதாவது ஒருவரே இரண்டு துடுப்பு வலிக்கும் படகில், தங்கம் வாங்கினார். நாடே கொண்டாடியது. அதே போட்டியில் ஒடிசாவைச் சேர்ந்த பிரதிமா புஹானாவும் பிரமிளா பிரவா மின்ஸும் காக்ஸ் (படகுக்கு வழிசொல்பவர்) இல்லாத இருவர் படகில் வெண்கலம் வாங்கினார்கள். இந்தியப் பெண்களுக்கு ஆசிய விளையாட்டு ரோயிங்கில் கிடைத்த முதல் பதக்கம் அது. அதற்கு அப்புறம் இன்சியோன், ஜகார்த்தா-பாலெம்பாங், ஹாங்சோ என்று மூன்று ஆசிய விளையாட்டுகள் வந்துபோயின. ஹாங்சோவில் மட்டும் ரோயிங்கில் ஐந்து பதக்கங்கள், ஐந்தும் ஆண்களுக்கு. மூன்றிலும் பெண்களுக்கு ஒன்றுகூட வரவில்லை. பிரதிமாவும் பிரமிளாவும் திறந்த வழியில் அடுத்த ஜோடி ஏன் வரவில்லை என்று கூட்டமைப்பு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசியிருந்தால் அதன் முடிவைச் சொல்லுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

நம் பெண்களுக்கு உயரம் போதாது, எலும்பு சன்னம் என்ற பேச்சைப் படகுத்துறைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அப்படிச் சொல்பவர்கள் வியட்நாமைப் பார்க்கட்டும். அங்கேயும் பெண்கள் ஒன்றும் பனைமர உயரம் கிடையாது. 2012 லண்டனில் தொடங்கி ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று நான்கு ஒலிம்பிக்கிலும் வியட்நாம் பெண்கள் துடுப்பு வலித்தார்கள். 2018இல் பாலெம்பாங்கில் அவர்களுடைய எடை குறைந்தோர் நால்வர் அணி ஆசியத் தங்கம் வாங்கியது. அந்த நால்வரில் ஹோ தி லீயும் தா தான் ஹுயேனும் இரண்டு வருடம் முன்பே ரியோவில் ஒரே படகில் இருந்தவர்கள். பாம் தி தாவோ லண்டன் ஒலிம்பிக்கிலேயே வலித்தவர். வருடக்கணக்கில் அந்தப் பெண்களை அந்த நாடு விடாமல் வைத்திருந்தது.

நம் ஆண்களையும் அப்படி ஒரு ஏற்பாடுதான் வளர்த்தது. புனேயில் ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் இருக்கும் ராணுவ ரோயிங் மையத்தைச் சொல்கிறேன். தத்து போகனலின் ஊர் நாசிக் பக்கம், தண்ணீருக்கே தவிக்கும் கிராமம். 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் அவர் துடுப்பைத் தொட்டார். நான்கே வருடத்தில் ரியோவில் 13ஆவது இடம். அவருடைய உயரத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க ஒருவர் இருந்தார். சம்பளம் வந்தது, சாப்பாடு வந்தது, படகு வந்தது, காலையும் மாலையும் பயிற்சி எடுப்பதே வேலை என்றானது. அதே கிராமத்தில் அதே உடல்வாகோடு ஒரு பெண் இருந்திருந்தால் அவளை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? கண்டுபிடித்தாலும் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள்?

ஆலப்புழாவிலும் ஒடிசாவின் ஜகத்பூரிலும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்கள் இருக்கின்றன என்பீர்கள். இருக்கின்றன, நல்ல பெண்களை உருவாக்கியும் இருக்கின்றன. ஆனால் அது மாணவப் பருவத்து ஏற்பாடு. படிப்பு முடிந்ததும் ஒரு பெண்ணுக்கு முதலில் வேண்டியது சம்பளம். வீட்டில் அதைத்தான் கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை. எனவே தேசியப் பதக்கச் சான்றிதழை எடுத்துக்கொண்டு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை தேடுகிறாள். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு என்று இருக்கிறது. வரவேற்க வேண்டிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேலை கிடைக்கும் ஊரில் தண்ணீர் இருக்குமா, படகு இருக்குமா, காலை ஆறு மணிக்கு அவளோடு துடுப்பு வலிக்க இன்னொருத்தி இருப்பாளா என்று அந்த ஆணையை எழுதுபவர் பார்ப்பதில்லை. ரோயிங்கால் கிடைத்த வேலையே அவளுடைய ரோயிங்கை முடித்துவைக்கிறது.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண். துடுப்பை நல்ல நீளமாக இழுப்பாள், பதற்றமே இல்லாத குணம். அவளுக்கு வேலை கிடைத்தபோது எல்லோரும் இனிப்பு சாப்பிட்டோம். அடுத்த தேசியப் போட்டிக்கு விடுப்பு கேட்டாள். போட்டிக்குச் சில நாள் முன்புதான் விட்டார்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் துடுப்பு வலிப்பதுபோலப் பழகும் எர்கோ இயந்திரத்தில் மட்டும் பழகிவிட்டு நேரே வந்து படகில் உட்கார்ந்தாள். அந்தப் பந்தயத்தைப் பற்றி அவள் இன்றுவரை பேசுவதில்லை. அதற்கு அடுத்த வருடம் விடுப்பே கேட்கவில்லை.

ரோயிங் தனியாளின் திறமையால் மட்டும் ஓடுகிற விளையாட்டில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருவர் படகோ நால்வர் படகோ, துடுப்பு தண்ணீரில் விழும் நேரமும் எழும் நேரமும் எல்லோருக்கும் ஒன்றாக அமைய மாதங்கள் போதாது, வருடங்கள் ஆகும். நாம் என்ன செய்கிறோம்? போட்டிக்குச் சில வாரம் முன்பு முகாம் போட்டுப் பெண்களைக் கூட்டுகிறோம். யார் பின்னால் யார் என்று மாற்றி மாற்றி உட்காரவைக்கிறோம். போட்டி முடிந்ததும் ஒருத்தி காவல்துறைக்கு, ஒருத்தி துணை ராணுவத்துக்கு, ஒருத்தி கல்லூரிக்கு என்று கலைத்து அனுப்பிவிடுகிறோம். மறுபடி முகாம் வரும்போது பாதி ஆட்கள் புதியவர்கள். இப்படி ஓட்டும் படகு ஆசிய இறுதிப் போட்டியில் கடைசி 500 மீட்டரில் தள்ளாடுவதற்கு அந்தப் பெண்களைக் குறைசொல்லிப் பயனில்லை.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே 23 வயதானால் பெண்ணை மூத்தவள் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பிரிட்டனின் ஹெலன் குளோவர் 21 வயதில்தான் துடுப்பைத் தொட்டார். 2012இல் ஒலிம்பிக் தங்கம். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 38 வயதில், பாரிஸில் நால்வர் படகில் வெள்ளி. நியூசிலாந்தின் எம்மா ட்விக் 34 வயதில் டோக்கியோவில் தங்கம் வாங்கினார், 37 வயதில் பாரிஸில் வெள்ளி. இந்த விளையாட்டில் பெண்ணின் உடல் உச்சத்துக்கு வருவது இருபதுகளின் பின்பகுதியில். நம் பெண்கள் அந்த வயதுக்கு வருவதற்குள் படகை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகியிருக்கிறது.

ராணுவத்தில் பெண்களுக்கு வழியில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ராணுவக் காவல் பிரிவில் பெண்கள் சேர்க்கப்படுகிறார்கள். துப்பாக்கி சுடும் வீராங்கனை ப்ரீத்தி ரஜக் விளையாட்டுத் தகுதியில் ஹவில்தாராகச் சேர்ந்து 2024இல் ராணுவத்தின் முதல் பெண் சுபேதார் ஆனார். துப்பாக்கி சுடுதலுக்குத் திறந்த கதவை ரோயிங்குக்கும் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நீங்கள்தான். ராணுவத்தோடு கூட்டமைப்புக்கு இருக்கும் நெருக்கம் மற்ற விளையாட்டுகள் பொறாமைப்படும் அளவுக்கு இருக்கிறது. புனேயில் ஆண்களுக்கு இருப்பதுபோல, பதக்கம் வாங்கும் பெண்களைச் சம்பளத்தோடு ஒரே இடத்தில் வருடம் முழுக்க வைத்திருக்கும் மையம் ஒன்று வேண்டும். ராணுவம் நடத்தினாலும் சரி, விளையாட்டு ஆணையம் நடத்தினாலும் சரி, ஏதாவது ஒரு மாநில அரசு முன்வந்தாலும் சரி. காவல்துறையிலும் துணை ராணுவத்திலும் ஏற்கெனவே வேலையில் இருக்கும் பெண்களை அங்கே அயற்பணியில் அனுப்பச் சொல்லி அந்தந்தத் துறைக்குக் கூட்டமைப்பே எழுத வேண்டும். ஒரு பெண் தனியாகப் போய் மேலதிகாரி முன்னால் நின்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

படகு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் சின்னதில்லை. ஒவ்வொரு படகும் ஓர் எடை வரம்புக்காகச் செய்யப்படுவது. 85 கிலோ ஆணுக்குச் செய்த படகில் 55 கிலோ பெண் உட்கார்ந்தால் படகு தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், காற்றடித்தால் அலைக்கழியும். கால் மாட்டும் ஷூ இரண்டு அளவு பெரிதாக இருக்கும். துடுப்பைத் தாங்கும் ரிகரின் உயரத்தைக் குறைக்க ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போனால், அடுத்து ஆண்கள் எடுப்பார்கள், மாற்றாதே என்பார்கள். நான் பழகிய காலத்திலும் இதுதான், இன்றைக்கும் பல படகுத்துறைகளில் இதுதான். பெண்களின் எடைக்கான படகுகள் வாங்காத மாநிலச் சங்கத்துக்குக் கூட்டமைப்பின் உதவியில் ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள். பிறகு தானாக வாங்குவார்கள்.

இன்னொன்று அவசரமானது. பாரிஸோடு ஒலிம்பிக்கில் எடை குறைந்தோர் பிரிவு முடிந்துவிட்டது. 59 கிலோவுக்கு உட்பட்ட நம் பெண்களுக்கு இருந்த பெரிய நம்பிக்கை அதுதான். அதற்குப் பதில் 2028 லாஸ் ஏஞ்சலஸில் பீச் ஸ்பிரின்ட் வருகிறது. மணலில் ஓடி, படகில் தாவி ஏறி, மிதவைகளைச் சுற்றி 250 மீட்டர் போய்த் திரும்பி, குதித்து ஓடி பஸ்ஸரை அழுத்த வேண்டும். பெண்களுக்கு ஒற்றையர், அப்புறம் ஆணும் பெண்ணும் சேர்ந்த இருவர் படகு. இதில் சுறுசுறுப்புக்கும் அலையைப் படிக்கும் பழக்கத்துக்கும் பெரிய இடம் இருக்கிறது. அலையோடு வளர்ந்த பெண்கள் நம் மீனவக் குப்பங்களில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. பாய்மரப் படகில் சென்னையின் நேத்ரா குமணன் இரண்டு ஒலிம்பிக் போய்வந்துவிட்டார். கடல் ரோயிங்குக்கான படகுகளை இங்கே ஓரிரண்டு கடற்கரைகளுக்காவது அனுப்புங்கள். பீச் ஸ்பிரின்ட்டில் பெண்கள் பிரிவை ஒவ்வொரு வருடமும் தவறாமல், முழுத் தேசியப் பதக்கத் தகுதியோடு நடத்துங்கள். ஆள் தேடித்தர எங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் இருக்கிறோம், கூலி கேட்க மாட்டோம்.

பாராலிம்பிக்கில் ஒரு நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. கண்ணிவெடியில் கால் இழந்த ராணுவ வீரர் நாராயணா கொங்கனபள்ளேயும் ராஜஸ்தானின் அனிதாவும் ஒரே படகில் ஆசியப் பாரா விளையாட்டில் வெள்ளி வாங்கி, பாரிஸ் பாராலிம்பிக் வரை போனார்கள். பிரியாமல் சேர்ந்திருந்த ஜோடி அது. ஒலிம்பிக் பிரிவுப் பெண்களுக்கும் அதையே கேட்கிறேன்.

அடுத்த சீனியர் தேசியப் போட்டிக்கு முன்னால் உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. கடந்த பத்து வருடங்களில் தேசியப் பதக்கம் வாங்கிய பெண்களின் பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இருக்கும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். இப்போது எங்கே இருக்கிறாய், ஏன் விட்டாய், சம்பளத்தோடு ஒரு மையம் இருந்தால் திரும்பி வருவாயா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பெயர் போடாமல் வெளியிடுங்கள். எத்தனை பேர் வருகிறேன் என்று சொல்கிறார்களோ அத்தனை இருக்கைகளோடு அந்த மையத்தைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து
ஒரு முன்னாள் வீராங்கனை, இந்நாள் பயிற்சியாளர்